சிசிஎன்ஏ படிக்கிறேன்: ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, சேர்த்துக் கேட்டால் தடுமாறுகிறேன்

வைகைக்கரை (செவ்வாய், இரவு 10:42)

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் சிசிடிவி, கேபிளிங் வேலை பார்க்கிறேன். மூன்று மாதமாக இரவில் சிசிஎன்ஏ 200-301 (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு) படிக்கிறேன். ஒரு நோட்டில் சொற்களை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்: மேக் முகவரி, ஏஆர்பி, டீஃபால்ட் கேட்வே, டிரங்க், நேட்டிவ் விலான் என்று இருநூற்றுக்கு மேல் இருக்கும். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லிவிடுவேன்.

நேற்று ஒரு மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி. கணினியின் முகவரி 192.168.10.20/26. அது 192.168.20.5 என்ற சர்வருக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. நடுவில் ஒரு ரவுட்டர். கணினியை விட்டு வெளியே வரும், அந்தப் பாக்கெட்டைச் சுமக்கும் ஃபிரேமில் சேருமிட மேக் முகவரி (நெட்வொர்க் கார்டுக்கே உரிய முகவரி) யாருடையது? நான் சர்வருடையது என்று போட்டேன். தப்பு. மேக் என்றால் என்ன, கேட்வே என்றால் என்ன எல்லாம் தெரிந்தும் தப்பு. என் படிப்பு முறையே சரியில்லையோ என்று தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பழைய_கன்சோல் (செவ்வாய், இரவு 11:30)

தம்பி, நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அகராதி மாதிரி வரிசையாகப் படிப்பதை நிறுத்துங்கள். ஒரே ஒரு பாக்கெட்டின் பின்னால் நடந்து போங்கள். வழியில் யார் யார் வருகிறார்களோ அவர்கள்தான் அந்தச் சொற்கள். பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இன்றும் எந்தக் கோளாறையும் நான் இப்படித்தான் தேடுகிறேன்.

உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கணினியை இப்போதுதான் ஆன் செய்கிறீர்கள், அதற்கு முகவரி இல்லை. 0.0.0.0 என்ற இடத்திலிருந்து 255.255.255.255க்கு "யாராவது முகவரி கொடுங்கள்" என்று கத்துகிறது. அது டிஸ்கவர். சர்வர் ஒன்றை நீட்டுகிறது, அது ஆஃபர். "இதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று கணினி கேட்பது ரிக்வெஸ்ட். சர்வர் உறுதி செய்வது அக்னாலெட்ஜ். முகவரி வாங்கும் இந்த முறைதான் டிஎச்சிபி, நான்கு முதலெழுத்தையும் சேர்த்து டோரா என்பார்கள். சர்வர் பக்கம் யுடிபி 67, கணினி பக்கம் யுடிபி 68. முகவரியோடு மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் முகவரியும் இங்கேதான் கிடைக்கின்றன. பாருங்கள், உங்கள் நோட்டில் நாலைந்து பக்கம் இதிலேயே அடங்கிவிட்டது.

இனி சர்வருக்கு அனுப்ப வேண்டும். கணினி முதலில் தன்னையே ஒரு கேள்வி கேட்கிறது: "அவன் என் தெருவா, வெளியூரா?" இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்குத்தான் மாஸ்க். /26 என்றால் 192.168.10.0 முதல் 192.168.10.63 வரை ஒரே தெரு. 192.168.20.5 அதற்குள் இல்லை, ஆகவே வெளியூர். வெளியூர் என்றால் கேட்வேயிடம்தான், அதாவது தெருவின் வாசலில் நிற்கும் ரவுட்டரிடம்தான் கொடுக்க வேண்டும். கேட்வேயின் ஐபி தெரியும், மேக் தெரியாது. அதனால் ஏஆர்பி: "192.168.10.1 யாருடையது, உன் மேக்கைச் சொல்" என்று தெரு முழுக்கக் கேட்கிறது. கேள்வி பிராட்காஸ்ட், பதில் யூனிகாஸ்ட். தேர்வில் இந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள்.

இப்போது ஃபிரேம் தயாராகிறது. சேருமிட ஐபி சர்வருடையது. சேருமிட மேக் ரவுட்டருடையது. சர்வரின் மேக்கை உங்கள் கணினி கடைசி வரை தெரிந்துகொள்ளவே போவதில்லை, அதற்குத் தேவையும் இல்லை.

நடுவில் இருக்கும் ஸ்விட்ச் வருகிற ஃபிரேமின் அனுப்புநர் மேக்கைப் பார்த்து, "இவர் இந்தப் போர்ட்டில் இருக்கிறார்" என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. பிறகு சேருமிட மேக்கைத் தேடி அந்தப் போர்ட்டில் மட்டும் விடுகிறது. அட்டவணையில் இல்லாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர அந்த விலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) உள்ள எல்லாப் போர்ட்டிலும் விடும். ரவுட்டர் ஃபிரேமைப் பிரித்து எறிந்துவிட்டு உள்ளே உள்ள பாக்கெட்டைப் பார்க்கிறது, டிடிஎல் எண்ணில் (இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற கணக்கு) ஒன்று குறைக்கிறது, வழி பார்க்கிறது, அடுத்த இணைப்புக்குப் புதிய ஃபிரேம் கட்டுகிறது.

நான் புதிதாக வருகிறவர்களுக்குத் தபாலைத்தான் சொல்வேன். கடித உறையில் எழுதிய விலாசம் அனுப்பியது முதல் சேர்வது வரை மாறாது, அது ஐபி. அந்தக் கடிதம் போகும் தபால் பையின் சீட்டு ஒவ்வொரு பிரிப்பகத்திலும் மாறும், அது மேக். நேட் என்று ஒன்று வந்தால் ஐபியும் மாறும், ஆனால் அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் இது கையில் வரட்டும்.

துறைமுகம்22 (புதன், காலை 7:05)

கன்சோல் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எல்லாவற்றையும் புரிந்துகொண்டு மட்டும் தேர்வு எழுத முடியாது, சில எண்கள் நெஞ்சில் நிற்கத்தான் வேண்டும். போர்ட் எண்களைத் (ஸ்விட்ச்சின் போர்ட் அல்ல, எந்தச் சேவை என்று சொல்லும் எண்) தருக்கத்தால் கண்டுபிடிக்க முடியாதே. எஃப்டிபி 20, 21. எஸ்எஸ்எச் 22. டெல்நெட் 23. எஸ்எம்டிபி 25. டிஎன்எஸ் 53. டிஎஃப்டிபி 69. என்டிபி 123. எஸ்என்எம்பி 161, அதன் டிராப் 162. சிஸ்லாக் 514. எச்டிடிபிஎஸ் 443. ஆர்டிபி 3389.

ஆனால் வெறும் எண்ணாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் போய்விடும், பக்கத்தில் ஒரு கதை இருந்தால் நிற்கும். தொலைவிலிருந்து ஒரு கருவிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சை 1995இல் எழுதியவர் பின்லாந்தின் தாது யுலோனன். அவருடைய பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதுதான் காரணம். டெல்நெட்டுக்கும் எஃப்டிபிக்கும் மாற்றாக அதை உருவாக்கினார். 21க்கும் 23க்கும் நடுவே 22 காலியாக இருந்தது, அதையே கேட்டு வாங்கினார். இதைப் படித்த நாளிலிருந்து இந்த மூன்று எண்களும் எனக்கு மறந்ததே இல்லை. டெல்நெட் ஏன் ஆபத்து, கடவுச்சொல் அப்படியே கம்பியில் ஓடும் என்பதும் கூடவே நினைவில் நிற்கிறது.

வைகைக்கரை (புதன், இரவு 9:50)

அண்ணா, பஸ்ஸில் வரும்போது நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். "என் தெருவா, வெளியூரா" என்ற வரியில்தான் மாஸ்க் எதற்கு என்றே எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் அதை வெறும் கணக்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கணக்கிலும் மெதுவாக இருக்கிறேன். 10.1.77.200/20 எந்த சப்நெட் (நீங்கள் சொன்ன தெரு) என்று கேட்டால் பைனரியில் எழுதி, அண்ட் (AND) ஆபரேஷன் செய்து விடை வர நான்கு நிமிடம் ஆகிறது. தேர்வே 120 நிமிடம்தான்.

கணக்கு_அக்கா (வியாழன், காலை 6:20)

பாலிடெக்னிக்கில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் இந்தக் கேள்விக்கு நான் வருகிறேன் தம்பி.

பைனரி தெரிந்திருக்கட்டும், ஆனால் தேர்வு அறையில் அது வேண்டாம். /20 என்றால் மாஸ்க் 255.255.240.0. 255ஆகவும் 0ஆகவும் இல்லாத அந்த ஒரு எண்ணைப் பிடியுங்கள்: 240. அதை 256இலிருந்து கழியுங்கள்: 16. அதுதான் கட்டத்தின் அளவு. அந்த இடத்தில் சப்நெட்டுகள் 0, 16, 32, 48, 64, 80 என்று பதினாறு பதினாறாகப் போகும். உங்கள் எண் 77, அது 64க்கும் 80க்கும் நடுவே இருக்கிறது. ஆகவே சப்நெட் 10.1.64.0. அடுத்த சப்நெட் 10.1.80.0இல் தொடங்குவதால் பிராட்காஸ்ட் அதற்கு ஒன்று முன்னால், 10.1.79.255. முகவரியின் 32 பிட்டில் 20 போக, ஹோஸ்ட்டுக்கு, அதாவது கருவிகளுக்கு, மீதி 12 பிட். இரண்டின் 12ஆம் அடுக்கு 4096, அதில் இரண்டைக் கழித்தால் 4094. தினமும் காலையில் பத்துக் கணக்கு போடுங்கள். ஒரு மாதத்தில் அரை நிமிடத்துக்கு வந்துவிடுவீர்கள். என் மாணவர்கள் வந்திருக்கிறார்கள்.

ஏன் இரண்டைக் கழிக்கிறோம் என்பதையும் மறக்காதீர்கள். முதல் முகவரி சப்நெட்டின் பெயர், கடைசி முகவரி பிராட்காஸ்ட். இரண்டு ரவுட்டர்களை நேராக இணைக்கும் கம்பியில் இரண்டு முகவரிதான் தேவை, அங்கே பிராட்காஸ்ட்டுக்கு வேலையே இல்லை. அதனால்தான் 2000ஆம் ஆண்டு வந்த ஆர்எஃப்சி 3021 அந்த மாதிரி இணைப்புக்கு /31ஐ அனுமதித்தது. அங்கே இரண்டும் பயன்படும்.

இன்னொரு இடம், மாணவர்கள் தொடர்ந்து விழும் குழி: தனியார் முகவரிகள், அதாவது உள் நெட்வொர்க்குக்கு மட்டுமான, இணையத்தில் செல்லாத முகவரிகள். 10இல் தொடங்குவது எல்லாம் தனியார். 192.168 எல்லாம் தனியார். ஆனால் 172இல் 16 முதல் 31 வரை மட்டும்தான், ஏனென்றால் அது /12, மாஸ்க் 255.240.0.0. 172.32.5.1 என்று கொடுத்துத் தனியாரா பொதுவா என்று கேட்பார்கள். பொது. கட்ட அளவு 16 என்று தெரிந்தவருக்கு இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம், 16இல் தொடங்கும் கட்டம் 31இல்தான் முடியும்.

விரைவுவழி (வியாழன், பகல் 1:15)

இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா? என் அறைத்தோழர்கள் இரண்டு பேர் டம்ப்ஸ் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி விடைகள்) மட்டும் படித்தே பாஸ் ஆனார்கள். வேலைக்கு முதலில் சான்றிதழ் வேண்டும், மற்றதை வேலையில் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பழைய_கன்சோல் (வியாழன், இரவு 8:40)

தம்பி, அவசரம் புரிகிறது. வீட்டில் பணத்தேவை இருக்கும்போது சான்றிதழ்தான் கண்ணில் படும். ஆனாலும் இதை அழுத்திச் சொல்கிறேன்: வேண்டாம். தேர்வுக்கு முன் நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளை மீறும் காரியம் அது. கண்டுபிடித்தால் சான்றிதழையே ரத்து செய்யலாம். அது ஒருபக்கம் இருக்கட்டும். நான் நேர்முகத்தேர்வில் உட்காருகிறவன். முதல் கேள்வியே "உங்கள் கணினியில் 169.254 என்று முகவரி வந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்" என்பதுதான். டிஎச்சிபி பதில் கிடைக்காதபோது கணினி தானே போட்டுக்கொள்ளும் முகவரி அது என்று சொன்னால், அடுத்து "ஏன் கிடைக்கவில்லை" என்று கேட்பேன். கேபிளா, விலான் தவறா, சர்வர் வேறு சப்நெட்டில் இருந்து ரவுட்டரில் கேள்வியை அங்கே கடத்தும் ரிலே வைக்கவில்லையா, சர்வரில் முகவரிகள் தீர்ந்துவிட்டனவா? விடையை மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கேள்வியிலேயே குரல் இறங்கிவிடும். எதிரே உட்கார்ந்து அதைப் பார்ப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

மூன்றாம்_மாடி (வியாழன், இரவு 10:10)

169.254 என்றதும் எனக்கு ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. எங்கே என்று சொல்லவில்லை, என் முதல் வேலை. காலையில் கணினியை ஆன் செய்தால் பலருக்கு 169.254 வருகிறது, ஒரு நிமிடம் கழித்துச் சரியாகிறது என்று புகார். எனக்கு முன்னால் இருந்தவர், ஸ்விட்ச்சுகளுக்குள் வளையம் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திப் பார்த்திருக்கிறார், புகார் நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து ஒருவர் தன் மேசையில் இருந்த சின்ன ஸ்விட்ச்சில், தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் இரு முனையையும் செருகிவிட்டார். ஐந்து நிமிடத்தில் மூன்று மாடியும் படுத்துவிட்டது. எல்லா ஸ்விட்ச்சிலும் எல்லா விளக்கும் ஒரே மாதிரி சிமிட்டிக்கொண்டிருந்தன. மாடிமாடியாக ஓடி, கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அந்த மேசையைக் கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது.

வைகைக்கரை, இந்த ஒரு சம்பவத்தில் தேர்வுக்கு வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் உண்டு, சுற்றிச் சுற்றி வந்தாலும் ஒரு கட்டத்தில் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. வளையம் இருந்தால் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் முடிவில்லாமல் சுற்றும், ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் பெருகும். அதுதான் பிராட்காஸ்ட் புயல். இதைத் தடுக்கத்தான் 1985இல் டிஇசி நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பேசி ஒரு ரூட் பிரிட்ஜை (தலைமை ஸ்விட்ச்) தேர்ந்தெடுக்கின்றன. பிரையாரிட்டி எண் குறைந்தவர் ஜெயிப்பார். யாரும் மாற்றாவிட்டால் எல்லோருக்கும் 32768, அப்போது மேக் முகவரி குறைந்தவர். வளையம் உண்டாக்கும் போர்ட் அடைக்கப்படும்.

இப்போது அந்தக் காலைப் புகாருக்கு வாருங்கள். பழைய ஸ்பானிங் ட்ரீயில் போர்ட் எழுந்தவுடன் 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், பிறகுதான் கடத்தும். அந்த 30 நொடிக்குள் கணினி டிஎச்சிபி கேட்டுச் சலித்து 169.254 போட்டுக்கொள்கிறது. சரியான மருந்து, கணினி இருக்கும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் போடுவது, அப்போது அந்த 30 நொடி காத்திருப்பு இல்லை. கூடவே பிபிடியு கார்டு. அந்தப் போர்ட்டில் ஒரு ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் உடனே போர்ட்டை மூடிவிடும். அது இருந்திருந்தால் அன்று அந்த ஒரு மேசை மட்டும் போயிருக்கும். போர்ட்ஃபாஸ்ட், பிபிடியு கார்டு என்ற இரண்டு சொற்களும் உங்கள் நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் இருந்தால், தயவு செய்து ஒரே பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வைகைக்கரை (வெள்ளி, இரவு 10:30)

ஒரே பக்கத்தில் எழுதிவிட்டேன் அண்ணா, நடுவில் அந்த மேசையின் படமும் வரைந்திருக்கிறேன்.

இன்று இன்னொரு கேள்வியில் விழுந்தேன். ரவுட்டரில் 10.1.0.0/16க்கு ஸ்டாட்டிக் வழி (நாம் கையால் எழுதியது), 10.1.1.0/24க்கு ஓஎஸ்பிஎஃப் வழி (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக் கற்றது). 10.1.1.9க்கு எது? ஸ்டாட்டிக்கின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் 1, ஓஎஸ்பிஎஃப் 110. குறைந்ததுதானே வெல்லும்? விடை ஓஎஸ்பிஎஃப் என்கிறார்கள்.

பழைய_கன்சோல் (வெள்ளி, இரவு 11:05)

விடை சரி. வரிசைதான் மாறிவிட்டது உங்களுக்கு. பாக்கெட் வரும்போது ரவுட்டர் பார்ப்பது ஒன்றைத்தான்: அட்டவணையில் உள்ள வழிகளில் மிக நுணுக்கமாகப் பொருந்துவது எது? /24, /16ஐ விட நுணுக்கம். முடிந்தது. "மதுரை" என்று ஒரு பலகை, "மதுரை, டவுன்ஹால் ரோடு" என்று இன்னொரு பலகை இருந்தால் டவுன்ஹால் ரோட்டுக்குப் போகிறவர் எதைப் பார்ப்பார்?

டிஸ்டன்ஸ் வேலை செய்வது அதற்கு முந்தைய கட்டத்தில். அதே 10.1.1.0/24ஐ இரண்டு பேர் கொண்டுவந்தால், யாரை நம்பி அட்டவணையில் ஏற்றுவது என்பதற்குத்தான் அது. நேரடி இணைப்பு 0, ஸ்டாட்டிக் 1, வெளி பிஜிபி 20, இஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. ஒரே நெறிமுறை இரண்டு வழி சொன்னால் மெட்ரிக். ஓஎஸ்பிஎஃப்பின் மெட்ரிக் காஸ்ட். 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுப்பது அது, ஒன்றுக்குக் கீழே போகாது. அதனால் மாற்றி வைக்காவிட்டால் 100 மெகாபிட்டும் ஒரு கிகாபிட்டும் அதற்கு ஒன்றுதான். இதுவும் கேட்பார்கள்.

கடலடி (சனி, காலை 9:00)

நெட்வொர்க் பிளஸ் (இன்னொரு நெட்வொர்க் சான்றிதழ்) படிப்பவர்களும் இந்த இழையைப் பார்ப்பார்கள் என்பதால் ஒரு சின்ன விஷயம். பேண்ட்வித் (நொடிக்கு எவ்வளவு போகும்), லேட்டன்சி (போய்ச் சேர எவ்வளவு நேரம்) இரண்டையும் "ஸ்பீடு" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள்களில் ஒன்றான ஐ2ஐ சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் போக 16 மில்லிநொடி, வர 16. வீட்டில் 50 மெகாபிட் பிளானை 300 ஆக்கினாலும் இந்த 32 குறையாது. குழாயின் அகலம் வேறு, தூரம் வேறு.

மாங்கனி_நகர் (சனி, பகல் 12:20)

தமிழில் படித்தால் தேர்வில் சிரமமாகுமா? நெட்வொர்க், புரோட்டோகால் என்பதைப் பிணையம், நெறிமுறை என்று படித்துவிட்டு ஆங்கிலக் கேள்வி வந்தால்?

கணக்கு_அக்கா (சனி, மாலை 4:45)

பெயரை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், விளக்கத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒப்பிக்கிற பிள்ளையிடம் "இதை உன் அம்மாவுக்குச் சொல்" என்பேன். அப்போதுதான் எது புரிந்தது, எது புரியவில்லை என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். இன்னொன்று, சிசிஎன்ஏவில் ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. அதனால் நீளமான ஆங்கிலக் கேள்விகளை நிதானமாகப் படித்துப் பழகுங்கள்.

வைகைக்கரை (ஞாயிறு, இரவு 9:15)

பாக்கெட் ட்ரேசரில் (கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் சிஸ்கோ மென்பொருள்) ஒரு ரவுட்டர், அதன் பின்னால் ஒரு சர்வர் வைத்தேன். ரவுட்டரிலிருந்து பிங் அடித்தால் முதலில் ஒரு புள்ளி (பதில் வரவில்லை), பிறகு நான்கு ஆச்சரியக்குறி (பதில் வந்தது). 80 சதவீதம். போன மாதம் இதே வந்தபோது கேபிள் சரியில்லை என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டேன். இப்போது யோசித்தேன். சர்வரின் மேக் ரவுட்டருக்குத் தெரியாது. முதல் பாக்கெட் வந்தபோது ஏஆர்பி கேட்கப் போயிற்று, அந்தப் பாக்கெட் விழுந்துவிட்டது. பதில் வந்த பிறகு மற்ற நான்கும் போயின. சரியா அண்ணா?

பழைய_கன்சோல் (ஞாயிறு, இரவு 9:40)

மிகச் சரி. இப்போது நடுவில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை ஈதர்நெட்டில் இணையுங்கள், சர்வர் அதன் பின்னால் இருக்கட்டும். இரண்டிலும் வழி எழுதுங்கள். பிங் அடிக்கும் முன், எத்தனை புள்ளி வரும் என்று இங்கே எழுதிவிட்டு அடியுங்கள்.

வைகைக்கரை (ஞாயிறு, இரவு 9:52)

இரண்டு. முதல் பாக்கெட் முதல் ரவுட்டரில் விழும், அது இரண்டாவது ரவுட்டரின் மேக்கைத் தேட வேண்டும். இரண்டாவது பாக்கெட் அங்கே போய்ச் சேரும், ஆனால் இரண்டாவது ரவுட்டருக்கு சர்வரின் மேக் தெரியாது, அங்கே விழும். மூன்றாவதிலிருந்து போகும்.

வைகைக்கரை (ஞாயிறு, இரவு 10:20)

இரண்டு புள்ளி, மூன்று ஆச்சரியக்குறி. 60 சதவீதம். மறுபடி அடித்தேன், ஐந்தும் ஆச்சரியக்குறி.